செய்ய மாட்டான் என்று சொல்லாத அம்மா

1. டைப்பிங் மிஸ்டேக்கா மேடம்?

என் சர்வீஸ் முழுவதிலும், நான் எழுதிய அறிக்கை தப்பு என்று நானே கோர்ட்டில் எழுந்து சொன்னது ஒரே ஒரு தடவைதான். சொன்னதும் மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "டைப்பிங் மிஸ்டேக்கா மேடம்?" என்று கேட்டார். "இல்லம்மா, விசாரணையிலேயே தப்பு பண்ணிட்டேன்" என்றேன். அரசு வக்கீல் ஃபைலிலிருந்து தலையை நிமிர்த்தி, எனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்பது போலப் பார்த்தார். சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர் யாரும் கேட்காமலே தன் தப்பை ஒப்புக்கொண்டால் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அது மிக்ஸி கேஸ். அதைச் சொல்வதற்கு முன்னால் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். என் சொந்தக்காரர்களுக்கே அது கடைசிவரை பிடிபடவில்லை.

செங்கல்பட்டில் நான் நன்னடத்தை அலுவலராக இருந்தேன். ஒருவன் முதல் தடவையாக ஒரு சின்னக் குற்றம் செய்துவிட்டான், அது நிரூபணமும் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனை ஜெயிலுக்கு அனுப்பலாம். இல்லாவிட்டால் ஒழுங்காக இருப்பேன் என்று ஒரு பாண்டு எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கண்காணிப்பில் வெளியே விடலாம். எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் முன் கோர்ட் எங்களிடம் அறிக்கை கேட்கும். நாங்கள் அவன் வீட்டுக்குப் போய், பெற்றவர்களைப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதித் தருவோம். வெளியே விட்டால் அவன் மாதம் ஒரு முறை எங்கள் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் என் நாத்தனார் நான் எல்லாருக்கும் கான்டக்ட் சர்டிபிகேட் கொடுக்கிறவள் என்று நினைத்துக்கொண்டு, தன் பையனுக்கு ஒன்று கேட்டு, நான் தரவில்லை என்று ரொம்ப நாள் கோபமாக இருந்தாள்.

2. எல்லா வீட்டிலும் ஒரே பதில்

நான் வருகிறேன் என்று தெரிந்தால் போதும், அந்த வீடு பெண் பார்க்க வரும் வீடு மாதிரி ஆகிவிடும். வாசல் தெளித்திருக்கும். நாற்காலியில் புது டவல் விரித்திருக்கும். பையன் ஐந்தாம் வகுப்பில் ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடி வாங்கிய கோப்பை டிவி மேல் வந்து உட்கார்ந்திருக்கும். கூல் டிரிங்க்ஸ் ஊற்றிக் கொடுத்துவிட்டு அம்மா ஒரு ஓரமாக நின்று மூக்கைச் சிந்துவார். பக்கத்து வீட்டுக்காரர் தற்செயலாக வந்தவர் போல வந்து, "தங்கமான புள்ள மேடம், எறும்புக்குக்கூட தீங்கு நினைக்காது" என்பார். கத்தியால் குத்திய கேஸிலும் இதே எறும்புதான்.

எல்லா விசாரணையின் முடிவிலும் நான் ஒரு கேள்வி கேட்பேன். "வெளிய விட்டா இனிமே செய்ய மாட்டானா? நீங்க பொறுப்பா?" எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "செய்ய மாட்டான் மேடம், நான் கேரன்ட்டி." உடனே நான், குடும்பத்தின் ஒத்துழைப்பு உள்ளது, வெளியே விடலாம் என்று எழுதுவேன். இப்படி எழுதுவதில் எனக்கு ஒரு பெருமிதம் வேறு. குடும்பத்தைப் பார்த்தாலே பையன் எப்படி என்று சொல்லிவிடுவேன் என்று ஆபீசில் அலட்டிக்கொள்வேன்.

இத்தனைக்கும் அடி வாங்கியிருக்கிறேன். நாவலூரில் ஒரு பெரிய அபார்ட்மென்ட். அப்பா வெள்ளைச் சட்டை, நல்ல வேலை. "நாங்க டீசன்ட் ஃபேமிலி மேடம். இது ஏதோ ஃபிரண்ட்ஸ் சகவாசம்" என்றார். பையன் செயின் அறுத்த பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவன். நான் உருகிப்போய் எழுதினேன். ஆறே மாதத்தில் மறுபடி பிடிபட்டான். அப்புறம்தான் தெரிந்தது, முதல் கேஸுக்கு முன்னாலேயே அவன் அலமாரியில் இரண்டு செயின் கிடந்ததை அந்த அப்பா பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. சரி, ஒரு ஆள் ஏமாற்றிவிட்டார் என்று போய்விட்டேன். என் கேள்வியே சரியில்லை என்று தோன்றவில்லை.

3. எஸ்தரம்மா வீடு

கேளம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட் வளாகத்தில் பிரபு என்ற இருபத்து நான்கு வயதுப் பையன் செக்யூரிட்டியாக இருந்தான். இப்போதெல்லாம் யார் கடைக்குப் போகிறார்கள்? உப்பு புளியிலிருந்து எல்லாம் பார்சலில்தான் வருகிறது. ஃபிளாட்டில் ஆள் இல்லாத நேரத்தில் வரும் பார்சலை கேட்டில் ஒரு ஷெல்ஃபில் வைப்பார்கள். அதற்குக் காவல் பிரபு. மூன்று பார்சலை அவனே எடுத்துவிட்டான். ஒரு மிக்ஸி, ஒரு ஜோடி ஷூ, பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் ஒன்று. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். காவல் காக்க வேண்டியவனே எடுத்ததால் மாஜிஸ்திரேட் அம்மாவுக்கு உள்ளே அனுப்புகிற எண்ணம்தான் இருந்தது. முதல் குற்றம் என்பதால் என்னிடம் அறிக்கை கேட்டார்.

போலீஸ் ஆவணத்தில், "சந்தேகத்துக்கிடமாக நின்றுகொண்டிருந்தவரைப் பிடித்து விசாரித்ததில்" பொருள்கள் கைப்பற்றப்பட்டதாக எழுதியிருந்தது. நானும் படித்துவிட்டு நம்பினேன். இந்த வாக்கியம் எத்தனை ஃபைலில் வந்திருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் செங்கல்பட்டு மாவட்டத்தில் பாதிப் பேர் சந்தேகத்துக்கிடமாக நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

வீடு நெம்மேலியைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே, ஒரு காலனியில். மெயின் ரோட்டிலிருந்து நடந்தேன். ஒரு அறையும் சமையலுக்கு ஒரு தடுப்பும். சுவரில் மாதா படம். நாற்காலியில் டவல் இல்லை, டிவி மேல் கோப்பை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் வரவில்லை. பிரபுவின் அம்மா எஸ்தர் ஒரு ரிசார்ட்டில் தோட்ட வேலை பார்க்கிறவர். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், கையில் மண் காயவில்லை. ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தார். ஜாமீனில் வந்திருந்த பிரபு கதவருகே நின்றான்.

நான் என் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். என்ன படித்தான், என்ன வேலை, குடிப்பானா. எல்லாவற்றுக்கும் கேட்ட அளவுக்கு மட்டும் பதில் வந்தது.

"இவங்க அப்பா எங்கம்மா?"

"இல்ல."

"இறந்துட்டாரா?"

"தெரியாதுமா. போய்ட்டாரு. திருட்டுக் கேசுல உள்ள போனாரு, வெளிய வந்தாரு, கொஞ்ச நாள் இருந்தாரு, அப்புறம் வூட்டுப் பக்கமே வர்ல."

நான் குறித்துக்கொண்டேன். தந்தையும் குற்றவாளி. பிறகு எனது வழக்கமான கடைசிக் கேள்விக்கு வந்தேன்.

"பையனை வெளிய விட்டா இனிமே செய்ய மாட்டானா? நீங்க பொறுப்பு ஏத்துப்பீங்களா?"

எஸ்தரம்மா மகனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். "செய்ய மாட்டான்னு நான் சொல்ல மாட்டேன்மா."

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன்.

"அதான் சொல்றேனே. அவன் மனசுல இன்னா கீதுன்னு எனுக்கு எப்டி தெரியும்? அந்த வார்த்தைய நான் சொல்ல மாட்டேன். வேற எதனா இருந்தா கேளுங்க."

கதவருகே நின்ற பிரபு வெளியே போய்விட்டான். அவன் முகத்தை நான் பார்த்தேன். ஜெயிலுக்குப் போவதைவிட அவனுக்கு இது பெரிதாகப் பட்டது என்று நினைக்கிறேன். எனக்கும் சுருக்கென்று இருந்தது. பெற்ற தாயே இப்படிச் சொன்னால் நான் என்ன எழுதுவது என்று மனத்துக்குள் அந்த அம்மாவின் மேல் கோபம் வந்தது. வேறு எதாவது இருந்தால் கேளுங்கள் என்று அவர் சொன்னதை நான் பொருட்படுத்தவே இல்லை. என்னிடம் வேறு கேள்வி கிடையாது.

4. பஸ்ஸில் எழுதிய அறிக்கை

எனக்கு ஒரு பழக்கம். விசாரணை முடிந்து திரும்பும் பஸ்ஸிலேயே அறிக்கையை எழுதிவிடுவேன். மாமல்லபுரத்தில் செங்கல்பட்டு பஸ் ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தால், திருக்கழுக்குன்றம் வருவதற்குள் குடும்பப் பின்னணி முடிந்துவிடும். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்பும்போது பரிந்துரையில் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஞாபகம் சூடாக இருக்கும்போது எழுதினால்தான் சரியாக வரும் என்று ஜூனியர்களுக்கு உபதேசம் செய்வேன். சூடாக எழுதினால் கோபமும் சேர்ந்து விழும் என்பதைச் சொல்ல மாட்டேன்.

அன்று எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம். "தந்தை திருட்டு வழக்கில் சிறை சென்றவர். தாய் பொறுப்பேற்க மறுக்கிறார். குடும்பச் சூழல் சீர்திருத்தத்துக்கு உகந்ததாக இல்லை. நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கப் பரிந்துரைக்க இயலவில்லை." நான்கே வாக்கியம். ஒரு பையனை ஜெயிலுக்கு அனுப்ப அது போதும்.

புகார் கொடுத்தவரையும் பார்க்க வேண்டும் என்பது முறை. அவர் காயத்ரி, கோயம்புத்தூர்ப் பெண், நாவலூரில் ஐடி கம்பெனியில் வேலை. போன் செய்தேன், மீட்டிங்கில் இருந்தார். மறுபடி அவர் கூப்பிட்டபோது நான் பஸ்ஸில் இருந்தேன், சத்தத்தில் எடுக்கவில்லை. எழுதி முடித்தாகிவிட்டது, இனி என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறார் என்று விட்டுவிட்டேன். மறுநாள் கவரை ஒட்டி கோர்ட்டில் கொடுத்தாயிற்று.

5. கோர்ட் வராந்தா

தண்டனை சொல்லும் நாளன்று கோர்ட் வராந்தாவில் நான் கண்ட காட்சி எனக்குப் புரியவே இல்லை. பெஞ்சில் எஸ்தரம்மா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் கழுத்தில் கம்பெனி அட்டையோடு ஒரு பெண், அட்டையில் காயத்ரி என்று பெயர். இரண்டு பேரும் ஒரே பொட்டலத்திலிருந்து வேர்க்கடலை சாப்பிட்டுக்கொண்டு, செம்பருத்திச் செடிக்கு வெள்ளைப்பூச்சி வந்தால் என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பறிகொடுத்தவரும் திருடனின் தாயும் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காயத்ரியைத் தனியே கூப்பிட்டேன்.

"உங்களுக்கு இவங்களை முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம என்னங்க மேடம். மிக்ஸியத் தூக்கிட்டு வந்து குடுத்தது அவங்கதானுங்களே."

"யாரு? போலீஸ்தானே கைப்பத்தினாங்க?"

"போலீஸெல்லாம் இல்லைங்க. இவங்கதானுங்க ஷேர் ஆட்டோல மடியில வெச்சுட்டு வந்தாங்க. உங்களுக்குச் சொல்லத்தான் அன்னிக்கு போன் பண்ணினேன், நீங்க எடுக்கலை."

எனக்குக் காது சூடாகிவிட்டது. முழுக்கதையையும் நின்றபடியே கேட்டேன்.

பிரபு மிக்ஸியை வீட்டுக்குக் கொண்டுபோய், அசோசியேஷனில் பரிசு கொடுத்தார்கள் என்று சொல்லியிருக்கிறான். எஸ்தரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அவரிடம் இருந்த பழைய மிக்ஸி, மூடியை ஒரு கை அழுத்திப் பிடித்தால்தான் ஓடும். மறுநாள் காலை புது மிக்ஸியில் சட்னி அரைத்திருக்கிறார். அப்புறம் பெட்டியை எடுத்து வைக்கும்போது அடியில் பில் இருந்திருக்கிறது. அதில் காயத்ரியின் பெயரும் ஃபிளாட் நம்பரும். அம்மா எட்டாவது வரை படித்தவர். அன்று வேலைக்குப் போகவில்லை. மிக்ஸியைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு கோவளத்துக்கு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ, கேளம்பாக்கம் ஃபிளாட் வாசலில் போய் இறங்கிவிட்டார்.

"கதவத் திறந்தா, இது உன்னுதா பாரும்மான்னாங்க. நான் பயந்துட்டேன். பொருள் வந்துடுச்சு, விட்டுடலாங்கன்னு சொன்னேன். கேக்கவே இல்லைங்க. வேற யாருதெல்லாம் காணோம், எங்க புகார் குடுத்திருக்கீங்கன்னு கேட்டுட்டு நேரா போயிட்டாங்க. சாயங்காலம் பையனையும் ஷூவையும் ஸ்பீக்கரையும் கூட்டிட்டு அவங்களே ஸ்டேஷன்ல நின்னாங்களாம்."

அவ்வளவையும் செய்துவிட்டு, நான் வீட்டுக்குப் போனபோது அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பெஞ்சுக்குத் திரும்பி வந்து கேட்டேன்.

"நீங்க கேக்கலியேமா" என்றார் எஸ்தரம்மா.

"பின்ன செய்ய மாட்டான்னு ஏன் சொல்ல மாட்டேன்னீங்க?"

அவர் கடலைத் தோலை ஊதிவிட்டு மெதுவாகச் சொன்னார். "இவங்க அப்பனுக்கு மூணு தபா சொன்னேன்மா. மொதல்ல டீசல் எடுத்தாரு. ஸ்டேசன்ல போய் அழுதேன். இனிமே செய்ய மாட்டாருன்னு என்னாண்ட எழுதி வாங்கிகினு வுட்டாங்க. ரெண்டாவது தபாவும் நான்தான் எழுதிக் குடுத்தேன். நான் கீறேன்னு தகிரியம்தான் அவருக்கு. மூணாவது தபா என் கையெழுத்த யாரு மதிக்கிறாங்க? உள்ள போட்டாங்க. வெளிய வந்தப்போ அவரு அவரா இல்ல. நாலு பேர் கூட்டாளி சேத்துகினு வந்தாரு. நான் அன்னிக்கே எழுதிக் குடுக்காம இருந்திருந்தா... வுடுங்க. அந்த வார்த்த மட்டும் இனிமே என் வாயில வராது."

சுவரோரம் நின்றிருந்த பிரபு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அப்பாவுக்காக அம்மா எழுதிக் கொடுத்த கதை அவனுக்கே அன்றைக்குத்தான் தெரியும் போல. உள்ளே எங்கள் கேஸைக் கூப்பிட்டார்கள். என் கவர் மாஜிஸ்திரேட் மேஜையில் பிரித்துக் கிடந்தது.

6. கையெழுத்து

அப்போதுதான் நான் எழுந்து, என் அறிக்கை தப்பு என்று சொன்னேன். என் பெயர் கெடுவதைப் பற்றிக் கவலையில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த நான்கு வாக்கியத்தை நம்பி ஒரு பையன் உள்ளே போய், அவன் அப்பா மாதிரியே நான்கு கூட்டாளியோடு வெளியே வந்தால், அதற்கு நான்தான் காரணம். அதை நினைத்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது. காயத்ரி சொன்னதையும் எஸ்தரம்மா சொன்னதையும் அப்படியே சொன்னேன்.

மாஜிஸ்திரேட் அம்மா போலீஸ் ஆவணத்தை ஒரு முறை புரட்டிப் பார்த்தார். அங்கே நின்றிருந்த ஏட்டு சீலிங் ஃபேனைப் பார்த்தார். காயத்ரியைக் கேட்டார்கள், நடந்தது உண்மைதான் என்றார். எஸ்தரம்மாவைக் கூப்பிட்டார்கள்.

"மிக்ஸியை நீங்கதான் கொண்டுபோய்க் கொடுத்தீங்களா?"

"ஆமாமா. ஒரு வாட்டி சட்னி அரைச்சுட்டேன். தெரியாம அரைச்சது. அத சொல்லிட்டுத்தான் குடுத்தேன்."

மாஜிஸ்திரேட் அம்மா குனிந்து எதையோ எழுதினார். சிரிப்பை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரியும். நிமிர்ந்தபோது முகம் பழையபடி இருந்தது.

"உங்க பையனை ஒரு வருஷக் கண்காணிப்புல வெளிய விடலாம்னு பாக்கறேன். ஒழுங்கா இருக்கணும். நடுவுல தப்பு பண்ணினா, கோர்ட் கூப்பிடறப்போ வந்து தண்டனையை வாங்கிக்கணும். நீங்க ஜாமீன் நிப்பீங்களா?"

"ஒழுங்கா இருப்பான்னு நான் சொல்ல மாட்டேன்மா." குரலில் பயம் இல்லை, வீம்பும் இல்லை. "அவன் எதுனா செஞ்சான்னா, நானே இஸ்துகினு வந்து இங்க நிறுத்துவேன். போலீஸ் தேட வேணாம். அதுக்கு எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க, போடுறேன்."

மாஜிஸ்திரேட் அம்மா சொன்னார். "ஜாமீன்தாரர் செய்ய வேண்டியது அதுதாம்மா. வேற எதுவும் உங்ககிட்ட கேக்கலை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த பாண்டுத் தாளை எத்தனை நூறு தடவை கையில் எடுத்திருப்பேன். ஜாமீன் நிற்பவர், அவனைக் கொண்டுவந்து நிறுத்துவேன் என்றுதான் எழுதிக் கொடுக்கிறார். மகன் உத்தமன் என்று எழுதிக் கொடுப்பதில்லை. கேரன்ட்டி கேட்டது கோர்ட் இல்லை, நான். எட்டாவது படித்த ஒரு பெண்ணுக்குப் புரிந்தது, சட்டத்தை டைப் அடித்து ஃபைல் போட்டு வைத்திருந்த எனக்கு ரிட்டயர் ஆகிற காலத்தில் புரிகிறது.

படி இறங்கும்போது பிரபு என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான். "எல்லார் வூட்லயும் அம்மான்னா புள்ளைய வுட்டுக் குடுக்காது. என்து பாருங்க மேடம்."

"அதனாலதான் நீ இந்தப் படி இறங்கறே, ஜெயில் வேன்ல ஏறாம" என்றேன்.

7. முதல் திங்கள் அல்லாத ஒரு நாள்

கையெழுத்து நாள் ஒவ்வொரு மாதமும் முதல் திங்கள்கிழமை. பிரபு தவறாமல் வந்தான். செக்யூரிட்டி வேலையை யார் கொடுப்பார்கள்? ரிசார்ட்டுகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தான். மலை மாதிரி பெட்ஷீட்டைப் பற்றி மாதாமாதம் புலம்புவான். நான் கேட்டுக்கொள்வேன். ஜெயிலில் இருந்தால் யார் இந்தப் புலம்பலைக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஏழாவது மாதம், திங்கள்கிழமையும் இல்லை ஒன்றும் இல்லை, ஒரு மத்தியானம் எஸ்தரம்மா மகனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குள் வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து என் மேஜைமேல் ஒரு கைக்கடிகாரத்தை வைத்தார். நல்ல கனமான வெளிநாட்டுக் கடிகாரம்.

"கோர்ட்ல இன்னா சொன்னேன்? இஸ்துகினு வந்துட்டேன். துணி மூட்டைல பேன்ட் பாக்கெட்ல இருந்துதாம். ரெண்டு நாளா வெச்சிகினு கீறான். இன்னா பண்ணணுமோ பண்ணுங்க."

இது பாண்டை முறித்த கதை. நான் கோர்ட்டுக்கு எழுதினால் அவன் உள்ளே போகலாம். எழுதாமல் விட்டால், பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திய அந்த நாவலூர் அப்பாவுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. எஸ்தரம்மா கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் பிடித்த சட்டையை விடவில்லை. இவ்வளவு வேதனையோடு ஒரு தாய் மகனை இழுத்து வந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டேன். இந்தத் தடவை கேள்வியை யோசித்துக் கேட்டேன்.

"எஸ்தரம்மா, இதை நீங்க எங்க கண்டுபிடிச்சீங்க? அவன் பையிலயா?"

"நான் எங்கமா கண்டுபுடிச்சேன்? காலைல சோறு துன்னுகினு இருந்தவன், எழுந்து போய் அவனே எடுத்தாந்து என் முன்னால வெச்சான்."

பிரபுவைப் பார்த்தேன். தலை குனிந்திருந்தது.

"ஏன்டா காட்டின? அம்மா இப்படித்தான் செய்வாங்கன்னு தெரியாதா?"

"தெரியும் மேடம்" என்றான். "வூட்ல காட்டலன்னா நான் வித்திருப்பேன். வேற யாராண்ட காட்டினாலும், வெச்சுக்கோடான்னு சொல்லியிருப்பாங்க. அதான்..."

மூன்று பேருமாக யூனிட்டுக்குப் போய்க் கடிகாரத்தைக் கொடுத்தோம். கொடுத்தது பிரபுதான், இரண்டு நாள் வைத்திருந்ததையும் அவனே சொன்னான். யூனிட் மேனேஜர் திட்டினார், ஒரு வாரம் வேலைக்கு வராதே என்றார், புகார் கொடுக்கவில்லை. நான் ஒன்றும் மறைக்காமல் கோர்ட்டுக்கு எழுதினேன். பஸ்ஸில் எழுதவில்லை. வீட்டில் உட்கார்ந்து இரண்டு நாள் எழுதினேன். மாஜிஸ்திரேட் அம்மா படித்துவிட்டு, கண்காணிப்பு அப்படியே தொடரட்டும் என்று உத்தரவு போட்டார். மீதி ஐந்து மாதத்தையும் முடித்து, பிரபு கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் பெயர் எந்த ஃபைலிலும் வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் குடும்பம் முக்கியமா தண்டனை முக்கியமா என்று என்னிடம் கேட்பார்கள். பட்டிமன்றத்துக்கு நல்ல தலைப்பு. எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பையன் நல்லவன் என்று சத்தியம் செய்கிற வீட்டைப் பார்த்து மயங்காதீர்கள், நான் மயங்கியது போதும். தப்பு செய்தால் இவன் யாரிடம் போய்ச் சொல்வான் என்று மட்டும் பாருங்கள். கேட்டுவிட்டு மூடி மறைக்காத, ஆனால் கையையும் விடாத ஒருவர் அந்த வீட்டில் இருந்தால் தைரியமாக வெளியே விடச் சொல்லி எழுதுங்கள். அப்படி யாருமே இல்லை என்றாலும் உடனே ஜெயில் என்று எழுதிவிடாதீர்கள். மாதம் ஒரு நாள் உங்கள் மேஜைக்கு எதிரே அவன் வந்து உட்காரப் போகிறான். அந்த ஒருவராக நீங்கள் இருக்க முடியுமா என்று பாருங்கள்.